கற்பனைப் பீர், கற்பனைச் சங்கம், கற்பனைக் கடை: சிம்ப்சன்ஸ் தொடரிலிருந்து வடசென்னைக் கதைக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

ராயபுரம் ரயிலடி எழுதியது:

காசிமேட்டுக்கும் காலடிப்பேட்டைக்கும் இடையில் நடக்கும் ஓர் அனிமேஷன் நகைச்சுவைத் தொடருக்கான கதையை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து எழுதி வருகிறேன். பாத்திரங்கள் ஓரளவு உருப்பெற்றுவிட்டார்கள். ஆனால் அவர்கள் எந்தச் சோடாவைக் குடிக்கிறார்கள், எந்த மளிகைக் கடையில் கணக்கு வைத்திருக்கிறார்கள், மாலையில் எந்த மன்றத்தில் கூடுகிறார்கள் என்று எழுதத் தொடங்கும்போது பேனா நின்றுவிடுகிறது. உண்மையான நிறுவனத்தின் பெயரைப் போட முடியாது. புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போடும் வழக்கம் நம் படங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் கதையை விட்டு வெளியே தள்ளப்பட்டதாகவே உணர்கிறேன்.

இந்த வேலையைச் சிறப்பாகச் செய்த தொடர் என்று நான் கருதுவது 1989 டிசம்பர் 17 முதல் ஒளிபரப்பாகி வரும் அமெரிக்க அனிமேஷன் நகைச்சுவைத் தொடரான 'தி சிம்ப்சன்ஸ்'. அதில் வரும் டஃப் பீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 பிப்ரவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில் சிம்ப்சன் குடும்பத்தின் தலைவன் ஹோமரும் அவன் நண்பன் பார்னியும் டஃப் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். அங்கே டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய கொப்பரைகள் நிற்கின்றன. மூன்றையும் நிரப்புவது ஒரே குழாய். அந்தக் குழாயை யாரும் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை, படத்தில் அது இருக்கிறது, அவ்வளவுதான். அதே அத்தியாயத்தில் ஹோமர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடிபடுகிறான், மனைவி மார்ஜ் ஒரு மாதம் பீரைத் தொடாமல் இருக்கச் சொல்கிறாள், அவனும் இருந்து காட்டுகிறான். மாதம் முடிந்த அன்று மதுக்கடை வரை போய்விட்டு, கோப்பையை வைத்துவிட்டு, அவளோடு சைக்கிளில் போகிறான்.

டஃப் என்ற பெயரில் தனிச் சுவை எதுவும் இல்லை. ஆலை எப்படி ஏமாற்றுகிறது, அதைக் குடிப்பவனின் வீட்டில் என்ன நடக்கிறது என்ற இரண்டையும் கதை காட்டியதால்தான் அது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் நிற்கிறது. ஆகவே கற்பனை நிறுவனத்துக்குப் பெயர் வைப்பது கடைசி வேலை என்றும், அது யாரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று தீர்மானிப்பதே முதல் வேலை என்றும் நான் நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை மேற்கு எழுதியது:

ராயபுரத்து நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மற்ற பாதி இந்தக் கற்பனைச் சரக்குகள் திரையை விட்டுக் கடைக்கு வந்த பிறகு நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது.

ஆஸ்திரேலியாவில் இரண்டு மதுபான நிறுவனங்கள் டஃப் என்ற பெயரிலேயே பீரை விற்கத் தொடங்கின. தொடரின் படங்கள் எதையும் டப்பாவில் போடவில்லை. பெயர் மட்டுமே இருந்தது. தொடரின் உரிமையை வைத்திருந்த ஃபாக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1996இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம், அந்தப் பெயரைக் கண்டதுமே மக்கள் தொடரோடு தொடர்புபடுத்திக்கொள்வார்கள், அந்த நினைப்பைத்தான் விற்பனையாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று கண்டு, ஃபாக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொடரை உருவாக்கிய மேட் கிரேனிங் பீருக்கு உரிமம் தரத் தாம் விரும்பவில்லை என்றும், தொடரைப் பார்க்கும் பிள்ளைகள் குடிக்கத் தூண்டப்படக்கூடும் என்றும் கூறியிருந்தார். அது நேர்மையான நிலைப்பாடு. ஆனால் ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சல் பூங்காவில் 2013இல் தொடரின் கதை நடக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரைப் போலவே ஒரு பகுதியைக் கட்டியபோது, அங்கே டஃப் பீர் அதிகாரபூர்வமாகவே விற்பனைக்கு வந்துவிட்டது.

2007 ஜூலையில் சிம்ப்சன்ஸ் திரைப்படத்துக்கு விளம்பரமாக, செவன் இலெவன் என்ற சில்லறைக் கடை நிறுவனம் அமெரிக்காவில் 11 கடைகளையும் கனடாவில் ஒன்றையும் தொடரில் வரும் க்விக்-இ-மார்ட் என்ற கடையைப் போலவே மாற்றி அமைத்தது. பஸ் கோலா, க்ரஸ்டிஓஸ் தானியம், ஸ்குவிஷி பானம் எல்லாம் உண்மையாகவே விற்கப்பட்டன. டஃப் மட்டும் இல்லை, ஏனென்றால் படத்துக்குச் சிறுவர்களும் வருவார்கள். இதில் என்னை உறுத்துவது வேறு. தொடருக்குள் க்விக்-இ-மார்ட் கெட்டுப்போன இறைச்சியை விலை குறைத்து விற்கும் கடை. கேலிக்கு ஆளான அதே வகைக் கடை, அந்தக் கேலியையே பெயர்ப் பலகையாக மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்தது. ஒரு கற்பனைச் சின்னம் மக்களுக்குப் பிடித்துப்போன பிறகு அதன் கூர்மை எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் நீங்கள் எழுதும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரம்பூர் ஆலைத்தெரு எழுதியது:

இருவரும் சரக்குகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தலைப்பில் சங்கம் என்றும் இருப்பதால் அதைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993 மார்ச்சில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் ஹோமர் வேலை செய்யும் ஸ்பிரிங்ஃபீல்டு அணுமின் நிலையத்தின் தொழிற்சங்கம் வருகிறது. அந்தச் சங்கத்தில் அணுத் தொழில்நுட்பர்களோடு ஜாஸ் நடனக்காரர்களும் கேக் செய்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பெயரே சிரிப்பை வரவழைக்கும். ஆனால் கதையின் அடித்தளம் சிரிப்பன்று. முதலாளி பர்ன்ஸ் புதிய ஒப்பந்தத்தில் பல் மருத்துவச் சலுகையை நீக்கப் பார்க்கிறார். அதற்கு ஈடாகக் கூட்டத்துக்கு ஒரு பீப்பாய் பீர் இலவசம். தொழிலாளர்கள் பீப்பாயை நோக்கி ஓடுகிறார்கள். ஹோமரும் வரிசையில் நிற்கிறான். அப்போதுதான் மகள் லிசாவுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டும் என்பதும், பல் மருத்துவச் சலுகை என்பதும் அவன் தலைக்குள் மாறி மாறி ஒலித்து, கடைசியில் ஒன்றோடொன்று இணைகின்றன. சலுகை போனால் கம்பிக்குத் தன் பையிலிருந்துதான் பணம் தர வேண்டும் என்று அவனுக்குப் புரிகிறது. அந்த நொடியில் அவன் எழுந்து பேசுகிறான், சங்கத் தலைவனாகிறான், வேலைநிறுத்தம் நடக்கிறது, பர்ன்ஸ் பணிகிறார்.

இதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டது; பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காகப் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்நின்றார்கள். ஆனால் அதற்கு முன்பே பெரம்பூரில் பக்திச் சொற்பொழிவுகளுக்காக ஒரு சபை நடந்துவந்தது. அங்கே வந்து உட்கார்ந்த மில் தொழிலாளர்கள் சொற்பொழிவோடு தங்கள் குறைகளையும் பேசத் தொடங்கினார்கள்; மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது முதலில் எழுந்த குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் அந்தக் குறைகளை வாடியாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சோறு தின்ன நேரம் போதவில்லை, குழந்தைக்குப் பல் கட்ட வேண்டும்: ஒரு குழு பிறப்பதற்கு இவ்வளவு சிறிய, இவ்வளவு திட்டவட்டமான காரணம் போதும். "சமூக முன்னேற்றத்துக்காக" என்று தொடங்கும் கற்பனை மன்றத்தை எழுதினால் அது திரையில் ஒரு பெயர்ப் பலகையாக மட்டுமே நிற்கும். உங்கள் கதையின் சங்கத்துக்குப் பெயர் தேடுவதற்கு முன்னால், அதில் சேராதவனுக்கு எது கிடைக்காமல் போகும் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள், தம்பி.

எண்ணூர் கழிமுகம் எழுதியது:

பெரம்பூர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். தொழிற்சங்கத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் காரணமே இல்லாத, இரகசியத்துக்காகவே இரகசியம் காக்கும் குழுக்களும் இதே தொடரில் இருக்கின்றன அல்லவா? ஸ்டோன்கட்டர்ஸ் பற்றி யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

வியாசர்பாடி பந்தடி எழுதியது:

ஸ்டோன்கட்டர்ஸ் வருவது 1995 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில். ஃப்ரீமேசன் போன்ற இரகசிய சகோதரக் குழுக்களை மாதிரியாக வைத்து எழுதப்பட்டது. காரணமே இல்லாத குழு என்று எண்ணூர் நண்பர் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அந்த அத்தியாயம் தொடங்குவதே காரணத்தில்தான்: ஹோமர் தொலைவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வரும்போது உடன் வேலை செய்யும் லென்னிக்கும் கார்லுக்கும் வாசலருகே இடம் கிடைக்கிறது, வேலையிடத்தில் அவர்களுக்கு மட்டும் வசதியான நாற்காலி இருக்கிறது. அவன் அவர்களைப் பின்தொடர்ந்து போய்த்தான் அந்தக் குழுவைக் கண்டுபிடிக்கிறான். உறுப்பினர்களுக்கு மட்டும் சொல்லப்படும் உண்மையான அவசர எண் 911 அன்று, 912 என்பது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். அவர்களுடைய பாட்டு மின்சாரக் காரை வரவிடாமல் தடுப்பதே தாங்கள்தான் என்று பெருமை பேசுகிறது. ஆனால் நமக்குக் காட்டப்படும் பயன் நாற்காலியும் வண்டி நிறுத்துமிடமும்தான். பெரிய உரிமைக் குரலும் சிறிய சலுகையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்தான் அந்தக் குழு உயிர்பெறுகிறது.

அடுத்து நடப்பது இன்னும் முக்கியம். குழுவின் புனிதச் சுருளை ஹோமர் வாய் துடைக்கப் பயன்படுத்திவிடுகிறான். வெளியேற்றும் நேரத்தில் அவன் உடலில் உள்ள மச்சத்தைக் கண்டு அவனையே தலைவனாக்குகிறார்கள். அவன் மனம் நிறையாமல் எல்லாரையும் தொண்டு வேலைக்கு இழுக்கிறான். உடனே அனைவரும் விலகி, ஹோமருக்கு இடமில்லை என்பதையே பெயராகக் கொண்ட வேறொரு குழுவைத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே விதியாக நின்றது சுருளில் இருந்த எழுத்தன்று. யாரை உள்ளே விடக் கூடாது என்பதில் எல்லாருக்கும் இருந்த உடன்பாடுதான்.

நம் பகுதியில் குழு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையிலேயே மக்கள் பிரிந்து நின்ற ஊர் இது. ஒரு பரம்பரையில் பயின்றவன் எதிரணிக்காக மேடையேறுவது அப்போது நினைத்துப் பார்க்கக்கூடிய செயலன்று. பந்தாட்ட அணிகளிலும் கேரம் மன்றங்களிலும் அதன் மிச்சம் இன்றைக்கும் உண்டு: யார் முதலில் பலகையில் உட்காரலாம், விருந்தாளி ஆடலாமா, தோற்றவன் டீக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று எழுதப்படாத சட்டங்கள் ஏராளம். எழுத்தாளர்கள் இந்தச் சட்டங்களை முதலில் சேகரிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மிண்ட் தெரு வாசகி எழுதியது:

சகோதரர்கள் எழுதியவை அனைத்தும் பயனுள்ளவை. நான் வேறொரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். கற்பனைக் கடையை எழுதும்போது கடைக்காரரையும் சேர்த்தே எழுதுகிறோம். அங்கேதான் இந்தத் தொடர் பெரிதாகத் தவறியது.

க்விக்-இ-மார்ட்டை நடத்தும் அபு 1990இலேயே தொடரில் அறிமுகமானவர். 1994இல் வந்த ஓர் அத்தியாயத்தில் அவர் வேலையை இழந்து, ஹோமரோடு அந்தக் கடையின் தலைமையிடத்தைத் தேடிப் போகிறார். அது இந்தியாவில் ஒரு மலை உச்சியில் இருக்கிறது. நிறுவனத்தின் தலைவர் ஒரு குருவைப் போல உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை தருகிறார். நிறுவனத்தைக் கேலி செய்வதாகத் தொடங்கிய காட்சி, ஒரு நாட்டையே மேடைப் பொருளாக்கி முடிகிறது. அபுவின் பேச்சு வழக்கை வெள்ளையரான ஹேங்க் அசாரியா பேசினார். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் அந்தக் குரலால் சீண்டப்பட்டதை ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படமாக எடுத்தார். 2020இல் அசாரியா அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதிலிருந்து விலகினார்.

இது தொலைவில் நடந்த கதை என்று நாம் விட்டுவிடக் கூடாது. வடசென்னையைத் திரையில் காட்டியவர்கள் பெரும்பாலும் அரிவாளையும் கொச்சைப் பேச்சையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று நாமே எத்தனை முறை வருந்தியிருக்கிறோம்? இப்போது கதை எழுதும் இடத்தில் நாம் இருக்கிறோம். சௌகார்பேட்டையில் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பம், பர்மாவிலிருந்து திரும்பி வந்து அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை விற்கும் குடும்பம், தெலுங்கு பேசும் மளிகைக்காரர் என்று உங்கள் தெருவில் எல்லாரும் வருவார்கள். அந்தக் கடைகளுக்குக் கற்பனைப் பெயர் வைப்பது எளிது. கடைக்காரர் பேசும் தமிழை வைத்தே சிரிக்க வைப்பதும் எளிதுதான். அந்த வழியில் போகாதீர்கள். அவருடைய கணக்குப் புத்தகம், அவர் யாருக்குக் கடன் தருகிறார், யாருக்கு மறுக்கிறார், ஏன் என்பதிலிருந்து சிரிப்பை எடுங்கள்.

அதே தொடர் சரியாகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 1992இல் மேட்டல் நிறுவனம் பேசும் பார்பி பொம்மையை வெளியிட்டது. அதில் சில பொம்மைகள் கணக்குப் பாடம் கடினம் என்று பேசின, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. 1994இல் சிம்ப்சன்ஸ் தொடர் மாலிபு ஸ்டேசி என்ற கற்பனைப் பொம்மையைக் கொண்டு இதை எழுதியது. லிசா அந்தப் பொம்மையை முதலில் உருவாக்கிய பெண்ணைத் தேடிப் பிடித்து, சிறுமிகளுக்கு நல்ல சொற்களைப் பேசும் புதிய பொம்மையை உருவாக்குகிறாள். பெரிய நிறுவனம் பழைய பொம்மைக்கு ஒரு புதிய தொப்பியை மாட்டி விற்பனைக்கு விடுகிறது; கூட்டம் அங்கே ஓடிவிடுகிறது. ஒரே ஒரு சிறுமி மட்டும் லிசாவின் பொம்மையைக் கையில் எடுக்கிறாள். அந்தத் தொப்பியை எழுதியவர்களுக்கு வியாபாரம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திருவொற்றியூர் தேரடி எழுதியது:

நடைமுறைச் செய்திகள் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ்ப் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பீரும் குளிர்பானமும் 32ஆம் வகுப்பில் வருகின்றன. பதிவான பெயர்களை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். வணிகச் சின்னப் பதிவு அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பெயரை முடிவு செய்வதற்கு முன் அந்தத் தேடலைச் செய்துவிடுங்கள். சோடா என்றால் சிறு ஊர்களில் கூடப் பழைய தயாரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் மனம் புண்படக் கூடாது.

கதையில் சிகரெட் நிறுவனம் எதையும் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிம்ப்சன்ஸில் லாரமி என்றொரு கற்பனைச் சிகரெட் உண்டு. ஆனால் இங்கே 2012 அக்டோபர் 2 முதல், புகையிலைப் பயன்பாட்டைக் காட்டும் படங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் எச்சரிக்கைக் குறும்படமும் திரையின் கீழே எச்சரிக்கை வாசகமும் வர வேண்டும். ஒரு சிறு நகைச்சுவைக்காக அதையெல்லாம் சேர்த்தால் காட்சியின் ஓட்டமே கெட்டுவிடும்.

ராயபுரம் ரயிலடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தண்டையார்பேட்டை அண்ணன் எழுப்பிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். எங்கள் கதையில் மதுபான நிறுவனம் இருக்காது. டாஸ்மாக் வாசலில் வரிசை நிற்கும் தெருவில் வளரும் பிள்ளைகள் இதைப் பார்க்கப் போகிறார்கள். கிரேனிங்குக்கு இருந்த அச்சம் எங்களுக்கும் இருக்கிறது. சோடா போதும்.

மிண்ட் தெரு அக்கா சொன்ன கணக்குப் புத்தகமும், பெரம்பூர் ஐயா கேட்ட ஒற்றை வரியும் எங்களுக்கு வழிகாட்டின. கொருக்குப்பேட்டையில் கோலி சோடா நிரப்பும் ஒரு சிறு ஆலை. அங்கே திரும்பி வரும் கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவும் பெண்கள். அவர்களுக்குள் நடக்கும் ஓர் ஏலச்சீட்டு. ஆலை பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறத் தீர்மானிக்கிறது. பாட்டில் திரும்பி வராவிட்டால் கழுவும் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சீட்டுக்குக் கட்டப் பணம் இல்லை, ஏற்கெனவே ஏலம் எடுத்தவர் மீதித் தவணையைக் கட்ட முடியாது, இன்னும் எடுக்காதவர்களின் பணம் நடுவில் நிற்கிறது. ஆலையையும் குழுவையும் ஒரே கதை பிடித்துக்கொள்கிறது.

பெரம்பூர் ஆலைத்தெரு எழுதியது:

நன்றாக இருக்கிறது, தம்பி. ஒரு கேள்வி மட்டும்: சீட்டு நடத்துபவள் யார்? அவளுக்கு முதல் மாதச் சீட்டு உண்டா? மற்றவர்கள் அவளை நம்புவதற்கு என்ன காரணம்? ஹோமர் தலைவனானது மச்சத்தால். இங்கே அப்படி எதுவும் ஒத்துவராது. முன்பு ஒரு சீட்டு முறிந்தபோது தன் கம்மலை அடகு வைத்துப் பணத்தைத் திருப்பித் தந்தவள் என்று வைத்தால், இந்த முறையும் கம்மல் போகுமா என்று பார்ப்பவர்கள் தாமே கேட்பார்கள்.

வியாசர்பாடி பந்தடி எழுதியது:

கம்மலை ஏற்கெனவே மீட்டுவிட்டாளா, இல்லை இன்னும் அடகிலேயே இருக்கிறதா என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். மீட்காமல் இருந்தால் கதை இன்னும் இறுகும். அடகுக் கடைக்காரரும் அக்கா சொன்ன முறையில் ஒரு முழு மனிதராக உள்ளே வரலாம்.

ராயபுரம் ரயிலடி எழுதியது:

கம்மல் அடகில்தான் இருக்கிறது. இன்றே எழுதி வைத்துவிட்டோம். அடகுக் கடைக்காரர் வட்டிக்கு வட்டி கேட்காதவர், ஆனால் தவணை நாளில் ஒரு மணி நேரம்கூடத் தளர்வு தராதவர் என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் நம்மைப் போலவே நல்ல தமிழ் பேசுவார்.

சோடாவின் பெயரை இன்னும் வைக்கவில்லை. தேரடி நண்பர் சொன்ன தேடலை முடித்த பிறகே வைப்போம். அதற்கு முன் ஒரு தகவல் தேவைப்படுகிறது: கோலி சோடா ஆலையில் வேலை செய்தவர்களோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ இங்கே இருந்தால், பாட்டில் கழுவும் வேலை காலையில் எத்தனை மணிக்குத் தொடங்கும், கழுத்துக்குள் கோலி சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பார்கள், உடைந்த பாட்டிலின் விலையை யாருடைய கூலியில் பிடித்தார்கள் என்று எழுதுங்கள். முதல் காட்சியை அங்கிருந்துதான் வரையப் போகிறோம்.